கருவின் தரம் பற்றிய கவலையைக் கையாளும் முறை

செயற்கைக் கருத்தரிப்பு (ஐவிஎஃப்) சிகிச்சையில், ஆய்வகத்தில் வளரும் கருவைப் பற்றிய ஐந்தாம் நாள் அறிக்கையில் ‘4பிபி’ (4BB) என்றிருப்பதைக் கண்டதும் மதிப்பெண் குறைந்துவிட்டதாகக் கலங்காமல், அந்தக் குறியீட்டை முதலில் பிரித்துப் படியுங்கள். 4 என்பது கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதையும், முதல் எழுத்து குழந்தையாக வளரவிருக்கும் உள் செல்திரளையும், இரண்டாம் எழுத்து நஞ்சுக்கொடியாக மாறவிருக்கும் வெளிப்புறச் செல்களையும் குறிக்கின்றன. நுண்ணோக்கியில் தெரியும் தோற்றத்துக்கு இடப்படும் தரமே இது. குரோமோசோம்களின் நிலையைக் காட்டாது. சுமாரான தரமுடைய கருக்களிலிருந்தும் ஆரோக்கியமான குழந்தைகள் பிறக்கின்றன.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். அறைக்குள் நுழைந்ததும் பாதி மறந்துவிடும். நள்ளிரவில் கைபேசியைத் திறந்து பிறருடைய குறியீடுகளோடு ஒப்பிடுவது (எல்லோரும் செய்வதுதான்) தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமோ பசியோ சீராகவில்லையெனில், தயங்காமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.