என்பிஏ, கல்லூரி, பள்ளி ஆட்டங்களை ஒரே தராசில் நிறுக்க: பொசஷன் கணக்கு போடுவது எப்படி

கூடைப்பந்தில் 115 புள்ளி எடுத்த என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) அணி, 74 எடுத்த கல்லூரி அணி, 52 எடுத்த பள்ளி அணி. இந்த மூன்று எண்களை மட்டும் பார்த்து "பள்ளிப் பையன்களுக்கு ஸ்கோர் பண்ணத் தெரியவில்லை" என்றால் அது தப்புக்கணக்கு. அமெரிக்காவில் என்பிஏ ஆட்டம் 48 நிமிடம், கல்லூரி 40, பள்ளி 32. ஷாட் கிளாக் (பந்து கிடைத்ததும் ஷாட் எறிய உள்ள கெடு) என்பிஏவில் 24 விநாடி, கல்லூரியில் 30. பள்ளிகளுக்கு 2022-23 சீசனிலிருந்து தேசியக் கூட்டமைப்பு 35 விநாடியை அனுமதிக்கிறது. வைப்பதும் விடுவதும் மாநிலத்தின் இஷ்டம்.

அதனால் ஒரு பொசஷனுக்கு எத்தனை புள்ளி என்று பார்க்க வேண்டும். பந்து கைக்கு வந்ததிலிருந்து எதிரணியிடம் போகும்வரை ஒரு பொசஷன். நடுவில் எத்தனை ஷாட் எறிந்தாலும் ஒன்றுதான்.

படி 1: நான்கு எண்களை எடுங்கள்

பாக்ஸ் ஸ்கோரின் (ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியல்) கடைசி வரியில் எறிந்த ஷாட், ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட் (தவறிய தன் ஷாட்டை அதே அணி மீண்டும் பிடிப்பது), டர்ன்ஓவர் (ஷாட் எறியாமலே பந்தைத் தொலைப்பது), எறிந்த ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்காகத் தடையின்றி எறியக் கிடைப்பது). விழுந்தவை அல்ல, எறிந்தவை.

படி 2: சூத்திரம்

பொசஷன் = ஷாட் − ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட் + டர்ன்ஓவர் + (0.44 × ஃப்ரீ த்ரோ)

கல்லூரிக்கு 0.44க்குப் பதில் 0.475. புள்ளிவிவர ஆய்வாளர் கென் பாமராய் தன் கல்லூரித் தரவரிசைக்குப் பயன்படுத்தும் எண் அது. இரண்டு ஃப்ரீ த்ரோ ஒரு பொசஷன் என்றால் 0.5தானே வர வேண்டும்? ஷாட் விழுந்து ஃபவுலும் கிடைத்தால் வரும் ஒற்றை ஃப்ரீ த்ரோ, டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தை மீறலுக்கானது), மூன்று எறியும் ஃபவுல் எல்லாம் அதைக் கீழே இழுக்கின்றன. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் ஒரு பாதியில் ஏழாவது ஃபவுலிலிருந்து 'ஒன் அண்ட் ஒன்': முதலாவது தவறினால் இரண்டாவது கிடையாது. ஒரே ஃப்ரீ த்ரோவில் முழுப் பொசஷனும் போய்விடுவதால் எண் கொஞ்சம் ஏறுகிறது.

பள்ளிக்கும் 0.475 போடுங்கள். இதற்காகச் சண்டை வேண்டாம்: 16 ஃப்ரீ த்ரோவுக்கு இரண்டு எண்களின் வித்தியாசம் அரைப் பொசஷன்தான்.

படி 3: 'டீம்' வரி (பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்)

கல்லூரி பாக்ஸ் ஸ்கோரில் வீரர்களின் பெயர்களுக்குக் கீழே 'டீம்' என்று தனி வரி இருக்கும். தவறிய ஷாட் எதிரணி வீரர் கைபட்டு வெளியே போனால், அந்த ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட் யார் பெயரிலும் ஏறாது. அந்த வரியில் ஏறும். பந்து கைமாறாததால் சூத்திரத்தில் அதையும் கழித்தே ஆக வேண்டும். வீரர்களின் எண்களை மட்டும் கூட்டினால் மூன்று நான்கு பொசஷன் அதிகமாக வந்து நிற்கும். கூட்டவே கூட்டாதீர்கள், மொத்த வரியை அப்படியே எடுங்கள்.

என்பிஏவில் கதை வேறு. அங்கே டீம் ரீபவுண்ட் மொத்தத்தில் சேராது. விட்டுப்போனதே என்று ப்ளே-பை-ப்ளே (ஆட்டத்தின் வரிவரியான பதிவு) பார்த்து நீங்களாகச் சேர்க்கப் போனால் இன்னும் கெடும். இரண்டில் முதல் ஃப்ரீ த்ரோ தவறினாலும் அங்கே ஒரு டீம் ரீபவுண்ட் எழுதிவிடுவார்கள். கல்லூரியில் அதை 'டெட் பால்' என்று தனியே ஒதுக்கிவிடுகிறார்கள்.

டர்ன்ஓவரிலும் இதே கவனம் வேண்டும். ஷாட் கிளாக் தீர்ந்துபோனால் அது அணியின் டர்ன்ஓவர், எந்த வீரர் கணக்கிலும் இருக்காது. அது சேர்ந்த மொத்தத்தை எடுங்கள்.

படி 4: சரிபார்ப்பு

இரண்டு அணிக்கும் தனித்தனியே போடுங்கள். பந்து மாறி மாறித்தான் வரும் என்பதால் ஒரு பீரியடுக்கு ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வர வழியில்லை. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் இரண்டு பாதி, ஆகவே அதிகபட்சம் 2. என்பிஏ, பள்ளி, பெண்கள் கல்லூரி ஆட்டங்களில் நான்கு குவார்ட்டர், அதிகபட்சம் 4. சூத்திரம் தோராயம்தான், இன்னும் ஒன்று விட்டுக்கொடுக்கலாம். அதற்கும் மேல் போனால் படி 3க்குத் திரும்புங்கள்.

படி 5: போட்டுப் பார்ப்போம்

மாதிரிக்கு நானே வைத்த எண்கள்:

என்பிஏ: 88 − 10 + 13 + (0.44 × 22) = 100.7 பொசஷன். 115 புள்ளி, அதாவது 100 பொசஷனுக்கு 114.2.
கல்லூரி: 58 − 9 + 12 + (0.475 × 20) = 70.5. 74 புள்ளி, 105.0.
பள்ளி: 45 − 8 + 15 + (0.475 × 16) = 59.6. 52 புள்ளி, 87.2.

வேகம் பார்க்க, பொசஷனை ஆட்ட நிமிடத்தால் வகுத்து 40ஆல் பெருக்குங்கள், மூன்றும் 40 நிமிடக் கணக்குக்கு வந்துவிடும்: 83.9, 70.5, 74.5. நம் மாதிரியில் பள்ளி அணி கல்லூரி அணியைவிட வேகமாகத்தான் ஆடியிருக்கிறது. பள்ளி அணி நான்கில் ஒரு பொசஷனைப் பந்தைத் தொலைத்தே வீணாக்கியது; என்பிஏ அணி எட்டில் ஒன்றை. பந்தைத் தொலைக்காத பொசஷன்களை மட்டும் பார்த்தால், ஒரு பொசஷனுக்கு எடுத்த புள்ளி பள்ளி 1.17, கல்லூரி 1.26, என்பிஏ 1.31. இடைவெளி எவ்வளவு சுருங்குகிறது பாருங்கள்.

(1989-90இல் லொயோலா மேரிமவுண்ட் கல்லூரி ஆட்டத்துக்குச் சராசரி 122.4 புள்ளி எடுத்ததைச் சொல்லி வாதாடுகிறவர்களிடம் முதலில் வேகத்தைக் கேளுங்கள். மறுபக்கம், 1950 நவம்பர் 22இல் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் மினியாபொலிஸ் லேக்கர்ஸை வென்றது 19-18. ஷாட் கிளாக் 1954இல்தான் வந்தது.)

பள்ளி ஸ்கோர் புத்தகத்தில் தவறிய ஷாட்டே இல்லையே?

ஆமாம். பெரும்பாலும் விழுந்த ஷாட், ஃப்ரீ த்ரோ, ஃபவுல், டைம் அவுட் மட்டும்தான் இருக்கும். அப்போது நேரடியாக எண்ணுங்கள். தாளில் அணிக்கு ஒரு பத்தி, குவார்ட்டருக்கு ஒரு வரி. பந்து கைமாறும்போது ஒரு கோடு. செயலி எதுவும் வேண்டாம்: திரையைத் தட்டக் குனிவதற்குள் அடுத்த பாஸ் போயிருக்கும். பென்சிலும் தாளும் போதும், வீட்டுக்கு வந்து ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

கோடு போடக் கூடாதவை: ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட், பந்து வெளியே போய் அதே அணிக்குத் திரும்புவது, டெக்னிக்கல் ஃப்ரீ த்ரோ. ஷாட் விழுந்து ஃபவுலும் கிடைத்தால் ஒரே கோடு, அதுவும் ஃப்ரீ த்ரோ முடிந்த பிறகு. ஜம்ப் பாலில் (இரு அணியும் பந்தைப் பிடித்துக்கொண்டால்) பந்து யாருக்கு என்று காட்டும் அம்புக்குறி எதிரணிப் பக்கம் இருந்தால் கோடு போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். குவார்ட்டர் முடிவில் ஷாட்டே எறியாமல் மணியடிக்கும்வரை பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தால் கோடு வேண்டாம். சூத்திரமும் அதை எண்ணுவதில்லை.

பின்சேர்க்கை: ஓவர்டைம்

பலரும் இடறிய இடம். 100 பொசஷன் கணக்குக்கு எதையும் மாற்ற வேண்டாம். வேகத்துக்கு மட்டும் நிமிடத்தைக் கூட்டுங்கள்: ஓர் ஓவர்டைமுக்கு என்பிஏவிலும் கல்லூரியிலும் 5, பள்ளியில் 4. படி 4இன் வரம்பும் ஒவ்வொரு ஓவர்டைமுக்கும் ஒன்று ஏறும்.