மாடி கட்டப் போகிறீர்களா? முதலில் வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள்

கீழே குடியிருந்துகொண்டே மேலே ஒரு மாடி எடுப்பது, சமையலறைச் சுவரை உடைத்துப் பெரிதாக்குவது, பின்பக்கம் ஒரு ரூம் இழுப்பது எல்லாம் நம் ஊரில் சர்வசாதாரணம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அப்படி இல்லை. அவர்கள் பாலிசி கொடுத்தது கட்டி முடித்து ஆள் புழங்குகிற வீட்டுக்கு. பாதி இடித்து, பாதி சென்ட்ரிங் அடித்து நிற்கிற வீட்டுக்கு அல்ல.

"நான் பாலிசியே எடுக்கவில்லையே" என்பவர்கள், வீட்டுக்கடன் இருந்தால் அந்த ஃபைலைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். கடன் கொடுக்கும்போதே பாலிசியையும் சேர்த்துப் போட்டுவிடும் வங்கிகள் நிறைய உண்டு, அதை நாம்தான் பிரித்தே பார்த்திருக்க மாட்டோம். 2021 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்ததென்றால் பெரும்பாலும் 'பாரத் கிருஹ ரக்ஷா'வாக இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐஆர்டிஏஐ வகுத்துக் கொடுத்த பாலிசி என்பதால் எந்தக் கம்பெனியில் வாங்கியிருந்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான்.

அதில் எது கிடைக்கும் என்ற பட்டியலைவிட எது கிடைக்காது என்ற வரிகளை நிதானமாகப் படியுங்கள். பழைய சுவரை ஒட்டிப் புதுக் கடைக்காலுக்குக் குழி தோண்டுகிறார்கள், இரண்டு நாளில் ஹால் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடுகிறது என்று வையுங்கள். பாலிசியில் 'நிலம் தாழ்தல்' இருக்கிறதே என்று கிளைம் போடுவீர்கள். ஆனால் இடிப்பது, கட்டுவது, கட்டமைப்பை மாற்றுவது, மண் தோண்டுவது, இவற்றால் நிலம் தாழ்ந்தால் பணம் இல்லை என்று அதற்குக் கீழேயே போட்டிருக்கும். டிசைன் கோளாறு, மோசமான வேலை, மட்டமான பொருள் எல்லாம் அதே கணக்குத்தான்.

திருட்டும் அப்படித்தான். தீயோ வெள்ளமோ மாதிரி பாலிசியில் சொன்ன ஒரு சம்பவம் நடந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் திருடு போனால்தான் இந்தப் பாலிசி கொடுக்கும். வாசலில் இறக்கிய கம்பி, காப்பர் ஒயர் ராத்திரியோடு ராத்திரியாகப் போனால் அது உங்கள் நஷ்டம். தனியாகத் திருட்டுப் பாலிசி வைத்திருந்தாலும் பூட்டு உடைந்ததா, பலவந்தமாக நுழைந்தார்களா என்று கேட்பார்கள். சித்தாளும் பெயின்டரும் நாள் முழுக்க வந்து போகிற வீட்டில் அதை எப்படிக் காட்டுவது? நகையை லாக்கரில் வைத்துவிடுங்கள்.

மழை இன்னொரு தலைவலி. புயல், வெள்ளத்துக்குப் பாலிசி உண்டு. ஆனால் தளத்தை உடைத்துத் திறந்து போட்டிருக்கும்போது தண்ணீர் இறங்கினால், புயலால் வந்த சேதமா, நீங்கள் மூடாமல் விட்டதால் வந்ததா என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்பார். சென்னைப் பக்கம் ஐப்பசியில் தளம் உடைக்கிற வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல் என்பேன்.

சரி, என்ன செய்யலாம்? வேலை தொடங்குவதற்கு முன்பே கம்பெனிக்கு ஈமெயில் போடுங்கள். பாலிசி எண், என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எத்தனை சதுர அடி கூடுகிறது, எவ்வளவு செலவு, கான்ட்ராக்டர் யார், அந்தச் சமயத்தில் நீங்கள் அங்கேயே இருப்பீர்களா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கடைசி விஷயம் முக்கியம், ஏனென்றால் 30 நாளுக்கு மேல் வீடு ஆளில்லாமல் கிடந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். தூசி தாங்காமல் வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு "வேலை நடக்கும்போது பாலிசி தொடருமா, எது விலகும்?" என்று நேராகக் கேளுங்கள். ஏஜென்ட் போனில் "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்" என்று சொன்னதெல்லாம் கிளைம் நேரத்தில் நிற்காது. எழுத்தில் பதில் வேண்டும், முடிந்தால் என்டார்ஸ்மென்ட்டாகவே, அதாவது பாலிசியோடு சேரும் திருத்தக் குறிப்பாகவே வாங்குங்கள்.

வேலை பெரிது என்றால் கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் என்று தனிப் பாலிசி இருக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் வேலைக்கு ஒரு பகுதி, பக்கத்து வீட்டுக்காரர் போன்ற மூன்றாம் ஆளுக்கு வரும் சேதத்துக்கு ஒரு பகுதி. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஏற்கெனவே நிற்கிற உங்கள் கீழ் வீடு இதில் தானாக வராது, கேட்டுச் சேர்க்க வேண்டும். நீங்கள் வாங்கிக் கொடுக்கிற சிமென்ட், கம்பி விலையையும் சேர்த்து மொத்த மதிப்புக்கு எடுங்கள், உங்கள் பெயரும் அதில் இருக்கட்டும். "எங்கிட்ட பாலிசி இருக்கு" என்று கான்ட்ராக்டர் சொன்னால் நகல் வாங்கித் தேதியைப் பாருங்கள். வேலையாட்களுக்கு அடிபட்டால் அதற்கு வேறு பாலிசி, அதையும் கேளுங்கள்.

கடப்பாரை விழுவதற்கு முன் உங்கள் சுவர்களையும், கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுச் சுவரையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பழைய விரிசலுக்கும் புது விரிசலுக்கும் வரும் சண்டையில் இதைவிட நல்ல சாட்சி இல்லை.

வேலை முடிந்ததும் புது அளவைச் சொல்லிக் காப்பீட்டுத் தொகையை ஏற்றுங்கள். பல ஆண்டுக்கு எடுத்த பாலிசியில் அந்தத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாகக் கூடுமே என்று விட்டுவிட வேண்டாம், அது விலைவாசிக்கு ஈடு, புது மாடிக்கு அல்ல.

கிளைமை மறுத்தால் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டுவிடுங்கள்.