குறைந்த செலவில் திருமண வரவேற்பு விருந்து: மெனுவுக்கு முன்னால் கடிகாரம்

சிங்கப்பூரில் ஹோட்டல் மேசை விருந்து வேண்டாம், சமூக மன்ற மண்டபத்திலோ புளோக் கீழே வாய்ட் டெக்கிலோ (அடுக்குமாடியின் திறந்த தரைத்தளம்) எளிமையாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கான குறிப்பு இது. மண்டபம் பிடிப்பது, நகர மன்ற அனுமதி, நாற்காலி, அலங்காரம் எதையும் இங்கே தொடவில்லை. சாப்பாடு மட்டும். எல்லாக் கணக்கும் 100 பேருக்கு. கோவில் மண்டபம் என்றால் சைவம்தான், அசைவம் வரும் இடங்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

படி 1: எந்த நேரம்

பிற்பகல் 3 முதல் 5.30 வரை. வேறு கட்டாயம் ஏதும் இல்லையென்றால் இதை மாற்றாதீர்கள். வருகிறவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வருவார்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிரியாணி இல்லை, மட்டன் இல்லை என்று யாரும் முகம் சுளிக்க முடியாது. இதே கூட்டத்தை மாலை 7 மணிக்கு அழைத்தால் சோறு போட்டாக வேண்டும், செலவு ஏறக்குறைய இரண்டு பங்காகும்.

அழைப்பிதழில் ‘தேநீர் விருந்து’ என்று தெளிவாக அச்சடியுங்கள். இல்லையென்றால் நம் சொந்தக்காரர்கள் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வருவார்கள். அலுவலகத்துச் சீன நண்பர்கள் ஹோட்டல் மேசைக் கணக்கில் அங்பாவ் (மொய்ப்பண உறை) போட்டுவிடுவார்கள். இரண்டும் சங்கடம்.

தை மாதத்தில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தை ஜனவரி நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடிகிறது. சீனப் புத்தாண்டும் பெரும்பாலும் அதற்குள்தான் வரும், அல்லது அதை ஒட்டி வரும். அந்த நாள்களில் பல கேட்டரிங் நிறுவனங்கள் பண்டிகைக் கட்டணம் கேட்கும், சில ஆர்டரே எடுக்காது. முகூர்த்தம் பார்ப்பது தாலி கட்டுவதற்கு. வரவேற்பை இரண்டு மூன்று வாரம் தள்ளி வைத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

படி 2: எத்தனை பேர்

வாட்ஸப் குழுவில் கட்டைவிரல் போட்டவர்களை எண்ணாதீர்கள். அது ‘பார்த்தேன்’ என்பதற்கான அடையாளம், ‘வருகிறேன்’ என்பதற்கு அல்ல. பெண் வீட்டுக்கு ஒருவர், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருவர், அலுவலக நண்பர்களுக்கு ஒருவர் என்று மூன்று பேரிடம் பட்டியலைக் கொடுத்து, குடும்பம் குடும்பமாகப் போன் போட்டு, தலை எண்ணிக்கையைக் கேட்கச் சொல்லுங்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் இருவரை ஓர் ஆளாக வையுங்கள். எண்ணிக்கையைக் கடைசியாக எந்த நாள்வரை மாற்றலாம் என்று கேட்டரிங்காரரிடம் கேட்டு, போன் போடும் வேலையை அதற்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

படி 3: ஆறு வகை போதும்

பன்னிரண்டு வகை, பதினைந்து வகை என்று போடுகிற பேக்கேஜ்களில் மயங்க வேண்டாம். வகை கூடக் கூட ஒவ்வொன்றின் அளவும் குறையும். முதல் முப்பது பேர் எல்லாவற்றையும் ருசி பார்த்துவிட்டுப் போவார்கள், கடைசி முப்பது பேருக்கு வெள்ளரிக்காய்தான் மிஞ்சும். ஆறு வகையை நிறைய வாங்குவதே மேல்.

எந்த ஆறு என்பதைச் சுவை தீர்மானிப்பதில்லை. மூடி போட்ட சூட்டுப் பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் கிடந்தாலும் எது எதுவாகவே இருக்கும் என்பதுதான் கேள்வி.

உளுந்து வடை, சமோசா, ஸ்பிரிங் ரோல் எல்லாம் அடுப்பிலிருந்து இறங்கும்போது அருமையாக இருக்கும். மூடிக்குள் போன பிறகு அவற்றின் நீராவியே மூடியில் முட்டித் துளியாக மேலே விழும், அரை மணி நேரத்தில் தோல் நமத்துவிடும். மூடியைத் திறந்து வைத்தால் சூடு போய்விடும். மசால் வடை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், பருப்பு கொரகொரப்பாக அரைபட்டிருப்பதால் நமத்தாலும் கடிக்க ஏதாவது இருக்கும். பரோட்டா ஆறினால் ரப்பர். அதைப் பஃபேயில் வைக்கவே வேண்டாம்.

மீ கோரெங்கை (வறுத்த மஞ்சள் நூடுல்ஸ்) எல்லாரும் கேட்பார்கள். ஆனால் மஞ்சள் மீ சூட்டில் ஊறிக் கட்டியாகிவிடும், கரண்டியில் எடுத்தால் ஒரே பாளமாக வரும். அதே மசாலாவில் பீஹூன் (மெல்லிய அரிசி நூடுல்ஸ்) போடச் சொல்லுங்கள், நேரம் ஆனாலும் உதிரியாகவே இருக்கும். இடியாப்பம் ஓரம் காயும், மேலே வாழையிலை போட்டு மூடினால் சமாளிக்கலாம். மினி இட்லியைப் பொடியும் நல்லெண்ணெயும் புரட்டி வாங்குங்கள், ஆறினாலும் நன்றாக இருக்கும். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் புளிக்கும். தக்காளிச் சட்னி போதும்.

100 பேர் தேநீர் விருந்துக்கு என் அளவு:

- மசால் வடை 150
- கறி பஃப் 100 (உருளைக்கிழங்கு 60, கோழி 40)
- பொடி மினி இட்லி 300
- சைவ பீஹூன், சமைத்த எடை 8 கிலோ
- பொரித்த கோழி இறக்கைத் துண்டு 150
- கேசரி 7 கிலோ. ரவை 1.25 கிலோ போட்டால் இவ்வளவு வரும், ஆளுக்கு 70 கிராம்

பழம் வேண்டும் என்றால் நறுக்கிய தர்பூசணியும் அன்னாசியும் சேர்த்து 10 கிலோ.

சைவம் என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. மீ, பீஹூன் வகைகளில் முட்டை போடுவார்கள், சம்பாலில் பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும், கறி பஃப் மாவின் மேலே முட்டை பூசியிருப்பார்கள். ‘முட்டை இல்லை, பெலாச்சான் இல்லை’ என்று ஆர்டரில் எழுதி வாங்குங்கள். பௌத்த சைவ நண்பர்கள் வெங்காயம், பூண்டு சேர்க்கமாட்டார்கள். அப்படி ஐந்தாறு பேர் இருந்தால் அவர்களுக்குத் தனியாகப் பொட்டலம் வாங்கிப் பெயர் எழுதி வைப்பதே எளிது. முஸ்லிம் விருந்தினர் வருகிறார்கள் என்றால் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமியச் சமய மன்றம்) ஹலால் சான்றிதழ் உள்ள நிறுவனத்திடமே முழு ஆர்டரையும் கொடுங்கள். பாதி அங்கே, பாதி இங்கே என்று வாங்கி ஒரே மேசையில் வைத்தால் எந்தக் கரண்டி எந்தப் பாத்திரத்துக்குப் போனது என்று யாருக்குத் தெரியும்?

படி 4: நான்கு மணி நேரக் கணக்கு

பெரும்பாலான விருந்துகள் சறுக்குவது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

கேட்டரிங் உணவோடு ஒரு நேரச் சீட்டு வரும். எப்போது சமைத்தது, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று அதில் இருக்கும். இது சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதி. சமைத்து முடித்ததிலிருந்து 4 மணி நேரம்தான். மண்டபத்துக்கு வந்த நேரத்திலிருந்து என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல.

மாலை விருந்து ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சமைத்து முடிவது 4.30. லாரி வருவது 5.30. அழைப்பிதழில் 6.30. நம் ஆட்கள் வந்து உட்காருவது 7.15. மணமக்கள் மேக்கப் முடித்து உள்ளே வருவது 7.30. மாமா ஒருவர் வாழ்த்திப் பேசி முடிக்க 8.00. சீட்டில் உள்ள கெடு 8.30. ஆக, 100 பேர் சாப்பிட முப்பதே நிமிடம். கெடு வந்ததும் கேட்டரிங்காரர் பாத்திரத்தை எடுக்க வந்து நிற்பார். ‘இன்னும் அரை மணி நேரம் அண்ணே’ என்றால் கேட்கமாட்டார், கேட்கவும் கூடாது.

காரணம் இருக்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சை உண்டாக்கிவிட்டால், பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சூட்டுப் பாத்திரத்தின் அடியில் எரியும் சின்ன டப்பா உணவைச் சூடாக வைத்திருக்குமே தவிர, ஆறிய உணவைச் சூடாக்காது.

செய்ய வேண்டியவை:

முதலில், டெலிவரி நேரத்தைக் கேட்காதீர்கள். ‘எத்தனை மணிக்குச் சமைத்து முடிப்பீர்கள்?’ என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவதாக, டெலிவரியை அழைப்பிதழ் நேரத்துக்கு அரை மணி முன்னால் வையுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். 3 மணி விருந்துக்கு 2.30 போதும். ‘சீக்கிரமே வந்துவிட்டால் நிம்மதி’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நிம்மதியின் விலை கடைசியில் ஒரு மணி நேரம்.

மூன்றாவதாக, மணமக்களுக்காகச் சாப்பாட்டை நிறுத்தி வைக்காதீர்கள். மாப்பிள்ளை பெண் வராமல் பெரியவர்கள் தட்டை எடுக்கமாட்டார்கள் என்றால், நிகழ்ச்சியை நடத்துபவரை விட்டு மைக்கில் அழைக்கச் சொல்லுங்கள். ஒரு தாத்தா எழுந்தால் போதும், மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள்.

மாலை விருந்துதான் என்றால் டெலிவரியை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். இரண்டாவது லாரிக்குப் போக்குவரத்துக் கட்டணம் கூடும், பரவாயில்லை. தாமதமாக வருபவர்களுக்குச் சூடான சாப்பாடும் புதிய கெடுவும் கிடைக்கும்.

படி 5: விலைப்பட்டியலைப் படிப்பது

தலைக்கு 14 வெள்ளி (டாலர்) என்று போட்டிருந்தால் 100 பேருக்கு 1,400 என்று நினைக்க வேண்டாம். போக்குவரத்து 60 வெள்ளி என்று வைத்தால் 1,460. அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. மொத்தம் 1,591 வெள்ளி 40 காசு. தலைக்கு 16 வெள்ளி ஆகிறது. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் உண்டு: 18 வெள்ளி என்பது 21 வெள்ளி 58 காசு. மேசை, மேசைத்துணி, தட்டு, குப்பைப் பை எல்லாம் இதில் அடக்கமா என்று கேளுங்கள். மாடியில் மண்டபம், லிஃப்ட் அந்தத் தளத்தில் நிற்காது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்கும் காசு கேட்பவர்கள் உண்டு.

வீட்டிலிருந்து சமைத்து விற்கும் அக்காமார் கேசரியும் முறுக்கும் அருமையாகச் செய்வார்கள். இனிப்பை அவர்களிடம் வாங்குங்கள். முழு விருந்தையும் கொடுக்காதீர்கள், வீட்டுத் தொழிலுக்குச் சிறு அளவுக்குத்தான் அனுமதி.

படி 6: மேசை

தட்டு தொடக்கத்தில், கரண்டியும் டிஷ்யூவும் கடைசியில். தொடக்கத்திலேயே கரண்டி கொடுத்தால் ஒரு கை அதற்கே போய்விடும், வரிசை நகராது. பீஹூனும் இட்லியும் முதலில், கோழி கடைசியில். கோழித் தட்டுக்குப் பக்கத்தில் இடுக்கியோடு ஒரு சித்தப்பாவை நிறுத்துங்கள். தானாக எடுத்தால் நான்கு, அவர் வைத்தால் ஒன்றோ இரண்டோ. மேசையைச் சுவரை ஒட்டிப் போடாமல் நடுவில் இழுத்துப் போட்டால் இரண்டு பக்கமும் வரிசை போகும். ஒருவர் 24 விநாடி எடுத்தால் ஒற்றை வரிசையில் 100 பேருக்கு 40 நிமிடம், இரட்டை வரிசையில் 20.

படி 7: பானத்தை நீங்களே கலக்குங்கள்

காசு மிச்சமாகும் இடம் இது. 10 லிட்டர் பண்டோங் (ரோஸ் பால் பானம்): ரோஸ் சிரப் 1.5 லிட்டர், எவாப்பரேட்டட் பால் 4 டின், தண்ணீர் 5 லிட்டர், மீதி ஐஸ். சிரப்பையும் தண்ணீரையும் முன்னதாகக் கலந்து வையுங்கள். பாலையும் ஐஸையும் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் ஊற்ற வேண்டும். 100 பேருக்கு இதில் இரண்டு மடங்கு, தே (பால் தேநீர்) 12 லிட்டர், மீதி தண்ணீர். ஐஸ் 30 கிலோ வாங்குங்கள். ‘எதற்கு இவ்வளவு’ என்பார்கள். வாய்ட் டெக்கில் நான்கு மணி வெயிலுக்குப் போதுமா என்று பாருங்கள்.

பின்னர் சேர்த்தவை

தோசைக் கடை, பரோட்டாக் கடை வைக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு கல்லில் ஒரே நேரத்தில் நான்கு தோசை, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் மணிக்கு 80. அதுவும் மாஸ்டர் கை நிற்காமல் சுட்டால். வேடிக்கைக்கு வைக்கலாம், பசியாற்ற அதை நம்பாதீர்கள். கேஸ் அடுப்புக்குப் பல மண்டபங்களில் அனுமதி இல்லை, முன்பணம் கட்டும் முன் கேளுங்கள்.

மின்சாரத்தில் சூடாக்கலாமே என்றார் ஒருவர். ஒரு 13 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தாங்குவது சுமார் 3,000 வாட். ஒரே எக்ஸ்டென்ஷனில் தே கொதிகலனையும் இரண்டு வார்மரையும் மாட்டினால் அது தாங்காது. பாட்டுப் பெட்டியும் அதே சர்க்யூட்டில் இருந்தால் டிரிப் ஆகும்போது எல்லாம் சேர்ந்தே நிற்கும்.

நோன்பு மாதத்தில் விருந்து வைப்பவர்களுக்கு: இங்கே நோன்பு திறக்கும் நேரம் மாலை 7 மணியைத் தாண்டித்தான் வரும். 5.30க்கு விருந்து முடிந்தால் முஸ்லிம் நண்பர்கள் எதையும் தொடாமல் கிளம்புவார்கள். பேரீச்சை, முறுக்கு, ஒரு போத்தல் தண்ணீர் வைத்த பையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். கறி பஃப் வேண்டாம், 7 மணிக்குள் அதன் கெடு போயிருக்கும்.

மிஞ்சியதை டபாவ் செய்யலாமா (பொட்டலம் கட்டி எடுத்துப் போகலாமா) என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. சீட்டில் உள்ள கெடு அதை எப்போது சாப்பிடுகிறோம் என்பதற்கானது, எப்போது பெட்டியில் போட்டோம் என்பதற்கானது அல்ல. அடுத்த புளோக்கில் இருப்பவர்கள் எடுத்துப்போய்க் கெடுவுக்குள் சாப்பிடலாம். மறுநாள் காலைக்கு என்று பீஹூனை அள்ள வரும் பெரியம்மாவிடம் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுங்கள்.