பெனின் போகிறீர்களா? பெயரை நம்பி ஏமாறாதீர்கள்

பெனின் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை வெண்கலச் சிற்பங்கள். 1897-இல் ஆங்கிலேயப் படை அள்ளிக்கொண்டு போய், இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் வரை சிதறிக் கிடக்கும் அந்த வார்ப்புகள் பிறந்த ஊரைப் பார்த்துவிடலாம் என்று மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் நாட்டுக்கு டிக்கெட் போட்டால் போச்சு. அவை பெனின் சிட்டியைச் சேர்ந்தவை. அந்த நகரம் இருப்பது பக்கத்து நாடான நைஜீரியாவில். அதற்கு விசாவே வேறு.

பெனின் நாட்டின் பழைய பெயர் டஹோமி. அது தெற்கே ஆண்ட ஓர் அரசின் பெயர். எல்லா இனத்தாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 1975-இல் அதிபர் மத்யூ கெரெக்கூ, கரையோரக் கடலின் பெயரான பெனின் வளைகுடாவிலிருந்து நாட்டுக்குப் பெயர் எடுத்தார். குழப்பம் அங்கே தொடங்கியது. தலைநகர் போர்ட்டோ-நோவோ என்பார்கள். ஆனால் விமான நிலையமும் அரசு அலுவலகங்களும் இருப்பது கோட்டோனுவில். அதற்காகப் போர்ட்டோ-நோவோவை விட்டுவிடாதீர்கள். பிரேசிலில் அடிமைகளாக இருந்து திரும்பியவர்களின் வம்சத்தார் எழுப்பிய பெரிய மசூதி அங்கே இருக்கிறது. முகப்பைப் பார்த்தால் தேவாலயம் என்றே நினைப்பீர்கள்.

அடுத்த தவறு கொஞ்சம் நுட்பமானது. டஹோமி அரசின் தலைநகராக இருந்த அபோமேயின் அரண்மனைகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வீரக் கதையை மனதில் வைத்துக்கொண்டு போகிறார்கள்: அகோஜியே பெண் படை, பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த மன்னர் பெஹான்சின், எதிரி கையில் கிடைக்கக் கூடாதென்று 1892-இல் அரண்மனைக்கே வைக்கப்பட்ட தீ. எல்லாம் உண்மைதான். யுனெஸ்கோ 1985-இல் பட்டியலில் சேர்த்த இடம் இது. 2021-இல் பிரான்ஸ் திருப்பித் தந்த 26 அரும்பொருட்களும் இந்த அரசுக்கு உரியவை. ஆனால் இதே அரசுதான் அக்கம்பக்கத்து மக்களைப் பிடித்து ஐரோப்பியருக்கு விற்றது. 1727-இல் அது உவிதா துறைமுகத்தைப் பிடித்ததும் அந்த வணிகத்துக்குள் நேரடியாக நுழையத்தான். அபோமேயில் பெருமையை மட்டும் பார்த்துவிட்டு, உவிதாவில் கப்பலேற்றப்பட்ட அடிமைகளின் நினைவாகக் கடற்கரையில் நிற்கும் ‘திரும்பாத வாசல்’ முன்னால் வெள்ளைக்காரனை மட்டும் திட்டினால் பாதிக் கதைதான் கையில் இருக்கும். இரண்டு ஊரையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

உவிதாவின் போர்ச்சுகீசியக் கோட்டையையும் அவசரத்தில் கடந்துவிடாதீர்கள். ஒரு கோட்டையும் சுற்றியுள்ள துண்டு நிலமும் மட்டுமே. அதையும் 1961 ஆகஸ்ட் வரை போர்ச்சுகல் விடவில்லை. கோவாவை அது இழந்தது அதே ஆண்டு டிசம்பரில்.

வோடுன், அதாவது சினிமாவில் ‘வூடூ’ என்பது, என்றதும் ஊசி குத்திய பொம்மை நினைவுக்கு வந்தால், அதை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இங்கே அது கோயிலும் பூசாரியும் நோன்பும் உள்ள மதம். ஜனவரியில் அதற்கென்றே தேசிய விடுமுறை உண்டு. மூதாதையர் ஆவியாக எகுங்குன் வேடமிட்டு ஆடி வருபவரின் துணியைத் தொடக் கூடாது. வேடிக்கை என்று கிட்டே போனால் தடியோடு வருபவர்கள் உங்களை விலக்குவார்கள். உவிதா பாம்புக் கோயிலில் கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டுப் படம் எடுக்கலாம், அதற்குக் காசு. மற்ற இடங்களில் கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள். நொக்குவே ஏரியின் நடுவே கால்நட்ட வீடுகளில் மக்கள் வாழும் கான்வியேவில் இது இன்னும் முக்கியம். அடிமை வேட்டைக்குத் தப்பி ஏரிக்குள் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். படகிலிருந்து லென்ஸ் திரும்பினால் முகத்தை மறைத்துக்கொள்வதும் உண்டு.

பணத்திலும் பெயர்க் குழப்பம். சிஎஃப்ஏ பிராங்க் என்ற பெயரில் இரண்டு நாணயங்கள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நோட்டுதான் பெனினில் செல்லும். கேமரூன் பக்கத்து நோட்டு கையில் இருந்தால் கடையில் வாங்க மாட்டார்கள். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான்: ஒரு யூரோவுக்கு 655.957. ஆகவே ரூபாயையோ டாலரையோ விட யூரோ எடுத்துப் போவது நல்லது.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அது இல்லாமல் திரும்பினால் இந்தியாவிலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. மலேரியா மாத்திரைக்கும் அப்போதே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

வடக்கே பெஞ்சாரி காட்டின் யானைப் படங்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். புர்க்கினா ஃபாசோ, நைஜர் எல்லையை ஒட்டிய அந்தப் பகுதியில் சில ஆண்டுகளாக ஆயுதக் குழுக்கள் தாக்கி வருகின்றன. தெற்கே பார்க்கவே பத்து நாள் போதாது.

இந்த நாட்டில் பெயரை அப்படியே நம்பலாம் என்றால் அது ஸெமிஜான். இங்குள்ள ஃபோன் இனத்தாரின் மொழியில் ‘சட்டென்று கொண்டுபோ’ என்று அர்த்தம். மோட்டார் பைக் டாக்சி, பெயருக்கேற்ற வேகம். ஏறும் முன்பே கூலியைப் பேசிவிடுங்கள், பிரெஞ்சில் எண்களாவது தெரிந்திருக்கட்டும். இறங்கியதும் 10,000 பிராங்க் நோட்டை நீட்டினால் அவரிடம் சில்லறை இருக்காது.