தோள் சர்ஜரில போன் கிராஃப்ட் ஃபிக்சேஷனை ஒப்பிடும்போது பண்ற தப்புங்க

தோள் திரும்பத் திரும்ப இறங்கி கிளினாய்டோட (தோள் மூட்டுக் குழி) முன்பக்க எலும்பு தேஞ்சுபோனவங்களுக்கு லாடார்ஜேங்கிற ஆபரேஷன் பண்ணி கோரகாய்டை (தோள்பட்டை எலும்புல கொக்கி மாதிரி நீட்டிட்டு இருக்கிற பகுதி) வெட்டி அங்க வைப்பாங்க, இல்லன்னா இடுப்பெலும்புல ஒரு துண்டு எடுத்து வைப்பாங்க. அந்தத் துண்டை, அதாவது கிராஃப்டை, ஸ்க்ரூல புடிக்கிறதா (இதுதான் ஃபிக்சேஷன்) சூச்சர் பட்டன்லயான்னு (நூலோட சேர்ந்த சின்ன பட்டன்) பேச்சு வந்தா, உடனே இது இத்தனை நியூட்டன் தாங்குச்சு, அது அத்தனைன்னு ஒரு நம்பரைத் தூக்கிட்டு வந்துடுறாங்க.

அந்த நம்பர் பெரும்பாலும் ஒரே இழுப்புல பிய்ஞ்சு வர்ற லோடு. ஆனா ஆபரேஷன் முடிஞ்ச தோள்ல வர்றது சின்னச் சின்ன லோடு, திரும்பத் திரும்ப வரும், அதுல கிராஃப்ட் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து இடைவெளி விட்டா எலும்பு ஒட்டாமப் போகலாம், அதனால சைக்ளிக் லோடிங்ல (திரும்பத் திரும்ப லோடு குடுத்துப் பாக்கற டெஸ்ட்) எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்துச்சுன்னுதான் மொதல்ல பாக்கணும். பட்டன்ல நூல் தளரும், பட்டனே எலும்புக்குள்ள லேசா அமுங்கும், இதெல்லாம் கடைசியா பிய்ஞ்சு வர்ற லோடுல தெரியாமலே போகலாம்.

ரெண்டு பேப்பர் நம்பரைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறது இன்னொரு வியாதி. ஒருத்தர் ஃபோம் எலும்புல (செயற்கை எலும்பு) பண்ணிருப்பார், இன்னொருத்தர் வயசான கடாவர்ல (இறந்தவங்க உடல்), ஆனா நம்ம பேஷன்ட் முக்கால்வாசி இளவட்டம். ஒருத்தர் ஹியூமரஸ் (மேல்கை எலும்பு) தலை தள்ற மாதிரி லோடு குடுப்பார், இன்னொருத்தர் கன்ஜாயின்ட் டெண்டனை (கோரகாய்டுல ஒட்டியிருக்கிற தசைநாண்) புடிச்சு கீழ இழுப்பார், இதை எப்படிங்க ஒப்பிடறது? ஸ்க்ரூன்னா ஒண்ணா ரெண்டா (ஒண்ணுன்னா கிராஃப்ட் சுத்த வாய்ப்பு இருக்கு), விட்டம் என்ன, பின்பக்க கார்ட்டெக்ஸை (எலும்போட கெட்டியான வெளி ஓடு) புடிச்சிருக்கான்னும் பாருங்க.

எப்படி ஃபெயில் ஆச்சுன்னு படிக்காம விடறதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். ஸ்க்ரூ உருவிட்டு வந்தா அது ஃபிக்சேஷனோட பலம், ஆனா கோரகாய்டே உடைஞ்சிருந்தா நீங்க அளந்தது எலும்போட பலத்தை, ஃபிக்சேஷன் அதுக்கு மேலயும் தாங்கிருக்கலாம். அப்புறம் ஒரு குரூப்புக்கு ஆறேழு தோளை வெச்சுக்கிட்டு வித்தியாசம் இல்லன்னா ரெண்டும் சமம்னு எழுதிடக்கூடாது, சாம்பிள் பத்தாமலும் இருக்கலாம்.

இன்னொண்ணு, லேப்ல பாக்கறது ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு இருக்கிற பலம் மட்டும்தான். எலும்பு ஒட்டறது, கிராஃப்ட் கரையறது, துருத்திட்டு நிக்கிற ஸ்க்ரூ ஹியூமரஸ் தலையை உரசறது, எதுவும் மெஷின்ல வராது, அதுக்கு ஃபாலோ-அப் சிடி ஸ்கேன்தான் பாக்கணும்.