ரஷ்ய சர்நேம் ஒன்னோட வேரைத் தேடிப் பிடிக்கிறது எப்படி

ஏதாவது ஒரு ரஷ்ய சர்நேமை எடுத்து நெட்ல அர்த்தம் தேடிப் பாருங்க, முதல் பக்கத்துலயே ஒரு பத்தி வந்து நிக்கும். இந்த சர்நேம் ரொம்ப அபூர்வம், 15, 16ம் நூற்றாண்டுல பிஸ்கோவ் பக்கம் செல்வாக்கா இருந்த பாதிரியார் குடும்பங்களோடது, நாலாம் இவான் காலத்துக் குடிக்கணக்குல இதுக்கு ஆதாரம் இருக்கு, ராஜா நல்லா ஒலிக்கிற சர்நேம்களுக்குன்னே தனி லிஸ்ட் வெச்சிருந்தாரு, அதுலேர்ந்து எடுத்துத்தான் வேண்டப்பட்டவங்களுக்குக் குடுத்தாருன்னு போகும். முதல் தடவை படிச்சப்போ நானும் அப்படியே நம்பிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு வேற ஒரு சர்நேமைத் தேடினா அதே பத்தி, வார்த்தைக்கு வார்த்தை அதேதான், பிஸ்கோவ் இருந்த இடத்துல மூரோம்னு மட்டும் மாத்தியிருந்தாங்க. அப்படி ஒரு லிஸ்ட்டே கிடையாது. நாலாம் இவான் செத்தது 1584ல, அந்தக் காலத்துல சாதாரண ஜனங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு நிலையான சர்நேமே இல்ல. அதனால அந்தப் பத்தி கண்ணுல பட்டா உடனே அந்தப் பக்கத்தை மூடிடுங்க, அதுல இருக்கிற மத்த தகவலையும் எடுத்துக்காதீங்க.

சரி, நாமளே எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபமாப் புரியும். ரஷ்ய சர்நேம்ங்கிறது ஒரு வம்சத்துக்கு யாரோ குடுத்த பட்டம் இல்ல, எப்பவோ வாழ்ந்த ஒரே ஒரு மனுஷனோட பேரு, இல்லன்னா ஊர்ல அவனைக் கூப்பிட்ட பேரு, அதோட வால்ல "இவன் அவனோட ஆளு"ன்னு சொல்ற ஒரு துண்டு, அவ்வளவுதான். நாம தேட வேண்டியது அந்த மனுஷனை, அவன் வாழ்ந்த ஊரை.

முதல் வேலை, சர்நேமை அதோட அடிப்படை வடிவத்துக்குக் கொண்டு வரணும். பெண்கள் சர்நேம் ஆண்கள் சர்நேம்லேர்ந்து மாறும். விண்வெளிக்குப் போன முதல் பெண் தெரெஷ்கோவா, அதுல கடைசி "ஆ"வை எடுத்தா தெரெஷ்கோவ், அதுக்குள்ள இருக்கிறது தெரெஷ்கோ, அது தெரெந்தின்ற பேரைச் செல்லமாச் சுருக்கினது. டால்ஸ்டாய் குடும்பத்துப் பொண்ணுன்னா தல்ஸ்தாயா. ஆனா "கோ", "இஹ்", "ஈஹ்"னு முடியறது பெண்ணுக்கும் மாறாது. இன்னொன்னு, "யோ"ன்னு ஒலிக்கிற எழுத்து மேல ரெண்டு புள்ளி இருக்கும், அச்சுல பெரும்பாலும் அந்தப் புள்ளியைப் போட மாட்டாங்க, அப்போ அது "யே"ன்ற எழுத்து மாதிரியே தெரியும். நாம குருஷேவ், கோர்பச்சேவ்னு சொல்றதே இதனாலதான், ரஷ்யாவுல ஹ்ருஷ்ச்சோவ், கர்பச்சோவ்னுதான் சொல்றாங்க. (முதலாவதோட வேர்ச்சொல் ஒரு வண்டோட பேரு, ரெண்டாவதுக்குக் கூனன்னு அர்த்தம்.) அதனால எங்க தேடினாலும் புள்ளியோட ஒரு தடவை, புள்ளி இல்லாம ஒரு தடவை தேடுங்க, இல்லன்னா பாதி ரெக்கார்டு கண்ணுலயே படாது.

அடுத்தது வால். இது தமிழ்க் காதுக்கு ரொம்ப வசதியான விஷயம், ஏன்னா "இவானோவ்"னா நேரா "இவானோட"ன்னுதான் அர்த்தம், சத்தம் கூட கிட்டத்தட்ட ஒன்னுதான்! யாரோட பையன்னு கேட்டா வர்ற பதில் அது. வேர்ச்சொல் மெய்யெழுத்துல முடிஞ்சா "ஓவ்" இல்லன்னா "யெவ்" வரும், "ஆ"ல முடிஞ்சா "இன்" வரும், அதனாலதான் நிக்கீத்தாலேர்ந்து நிக்கீதின், இல்யாலேர்ந்து இல்யின். ககாரினும் இப்படித்தான், ககாரான்னா தண்ணியில முங்கி மீன் பிடிக்கிற ஒரு பறவை, அந்தப் பேரு யாருக்கோ பட்டப்பேரா இருந்திருக்கு. "ஸ்கி"ன்னா பெரும்பாலும் ஊர்ப்பேரு, வியாஸ்மா ஊரை வெச்சு வியாஸெம்ஸ்கி மாதிரி, ஸ்கின்னு முடிஞ்சாலே போலந்துக்காரன்னு முடிவு பண்ணிடாதீங்க. செர்னிஹ், செதீஹ், தோல்கிஹ்னு முடியற சர்நேம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், இது "கறுப்பங்க வீட்டு ஆளு, நரைச்சவங்க வீட்டு ஆளு, நெட்டையங்க வீட்டு ஆளு"ன்னு முழுக் குடும்பத்தையும் சேர்த்துச் சொல்றது, வடக்கு, உரால், சைபீரியா, அப்புறம் தெற்குல வொரோனேஷ் பக்கம்தான் இது அதிகம், அதனால வாலை மட்டும் பார்த்தே ஓரளவுக்கு ஏரியாவைச் சொல்லிடலாம். "யென்கோ" வந்தா உக்ரைன் பக்கம்.

இந்த வால் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கிட்டே இருந்துச்சுங்கிறதைப் புரிஞ்சுக்க, பின்னாடி ரஷ்யாவை ஆண்ட ரொமானோவ் குடும்பத்தையே பாருங்க. 1347ல மாஸ்கோ அரண்மனையில இருந்த அந்த்ரேய்க்குப் பட்டப்பேரு கோபிலா, அதாவது பெண் குதிரை. அவர் பையன் ஃபியோதோருக்குக் கோஷ்கா, அதாவது பூனை, அதனால அவர் வழி வந்தவங்க கோஷ்கின். அப்புறம் ஸஹாரின்னு ஒருத்தர், அவரை வெச்சு ஸஹாரின், அவர் பையன் யூரியை வெச்சு யூரியெவ், யூரியோட பையன் ரொமான் 1543ல செத்தாரு, அவரோட பேரப்பிள்ளைங்க காலத்துலதான் ரொமானோவ்ங்கிறது நிலைச்சு நின்னுச்சு, அதுலேர்ந்து மிஹாயில் 1613ல ஜார் ஆனாரு. ஒரே ரத்தம், நாலு சர்நேம். பெரிய குடும்பத்துலயே இப்படின்னா விவசாயி வீட்டுல கேக்கவே வேணாம்.

இப்போ வேர்ச்சொல். அது சர்ச்சுல வெச்ச பேரா, பட்டப்பேரா, தொழிலா, ஊரான்னு பிரிக்கணும். இவான், பியோத்தர் எல்லாம் சர்ச் பேரு, அதுல தோண்ட ஒன்னும் பெருசா இல்ல. சுவாரசியம் எல்லாம் பழைய வீட்டுப் பேருலதான். ஞானஸ்நானப் பேரு ஒன்னு இருந்தாலும் வீட்டுல வேற ஒன்னு வெச்சுக் கூப்பிடுவாங்க. நெக்ராஸ்னா அழகில்லாதவன், கண்ணு படக்கூடாதுன்னு பெத்தவங்களே வெக்கிற பேரு, அதுலேர்ந்து நெக்ராசோவ். ஷ்தான்னா எதிர்பார்த்துக் காத்திருந்து பொறந்த பிள்ளை, நெஷ்தான்னா எதிர்பாராம வந்தவன். த்ரெத்யாக்னா மூணாவது பிள்ளை, மாஸ்கோ ஓவியக் காட்சியகத்தை உருவாக்குன த்ரெத்யாகோவோட சர்நேம் அதுதான், ஷெஸ்தாக்னா ஆறாவது. இதுல ஒரு எச்சரிக்கை, நெக்ராசோவ்னா அந்தக் குடும்பமே அழகில்லாததுன்னு அர்த்தம் எடுக்கக் கூடாது, நேர்மாறா ரொம்பச் செல்லமாப் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளையா கூட இருக்கலாம். சர்நேம் வார்த்தையை மட்டும்தான் காப்பாத்தி வெச்சிருக்கு, அதை ஏன் வெச்சாங்கங்கிற காரணத்தை இல்ல.

அகராதியில எவ்வளவு தேடியும் வேர் கிடைக்கலன்னா பாதிரியார் படிப்புப் படிக்கிற செமினரியை நினைச்சுக்கோங்க. 18ம் நூற்றாண்டுலேர்ந்து அங்க பசங்களுக்குப் புதுசா சர்நேம் உருவாக்கியே குடுத்தாங்க, ஒன்னு சர்ச் திருவிழாவை வெச்சு, உஸ்பென்ஸ்கி, ப்ரெஒப்ரஷென்ஸ்கி மாதிரி, இல்லன்னா லத்தீன்லேர்ந்து. 1772ல பொறந்து அப்புறம் பெரிய அரசியல்வாதியான ஸ்பெரான்ஸ்கி ஒரு கிராமப் பாதிரியாரோட பையன், வீட்டுல சர்நேமே கிடையாது, விளாதிமிர் செமினரியில சேர்றப்போ கிடைச்சதுதான் அது, லத்தீன்ல நம்பிக்கைன்னு அர்த்தம் வர்ற சொல்லு. இதை ரஷ்ய அகராதியில வருஷக்கணக்கா தேடினாலும் கிடைக்காது. இன்னொரு வகை, பிரபுக்கள் கல்யாணத்துக்கு வெளிய பெத்த பிள்ளைங்களுக்குச் சர்நேமோட தலையை வெட்டிக் குடுத்தது. த்ருபெத்ஸ்கோயோட பையன் பெத்ஸ்கோய், ரெப்னினோட பையன் ப்னின். அப்பா பேருல பாதிதான் அந்தப் பிள்ளைக்கு. இதை முதல் தடவை தெரிஞ்சுக்கிட்டப்போ மனசு கனத்துப் போச்சு. துருக்கிய மொழிக்காரங்க வழியா வந்த வேர்களும் உண்டு, யூசுபோவ், பஸ்காகோவ் எல்லாம் அப்படித்தான், பஸ்காக்னா மங்கோலியர் ஆட்சியில வரி வசூல் பார்த்த அதிகாரி.

இப்போ ஒரு சர்நேமை முழுசா எடுத்துக் காட்டுறேன், போர்த்னிகோவ். "ஓவ்"வை எடுத்தா போர்த்னிக். "னிக்" வந்தா பெரும்பாலும் ஒரு வேலை செய்யறவன். மிச்சம் "போர்த்". இதை இன்னைக்கு இருக்கிற டிரான்ஸ்லேட்டர்ல போட்டா கப்பலோட பக்கவாட்டுன்னு வரும், உடனே கொள்ளுத் தாத்தா மாலுமின்னு கதை கட்டிடுவோம். அங்கதான் தப்பு. ரஷ்ய மொழியில கடைசி எழுத்தை மென்மையாக்குற ஒரு குறி இருக்கு, அது இல்லாம எழுதினா கப்பல் பக்கம், அது பின்னாடி மேற்கு ஐரோப்பாவுலேர்ந்து வந்த சொல்லு, குறியோட எழுதினா அது பழைய ஸ்லாவ் சொல்லு, காட்டுத் தேனீ கூடு கட்டுற மரப்பொந்துன்னு அர்த்தம். சர்நேமுக்குள்ள அந்தக் குறி மறைஞ்சு போயிடுது, அதான் சிக்கல். அதனால எப்பவும் 1863லேர்ந்து 1866க்குள்ள வெளிவந்த விளாதிமிர் தாலோட அகராதியைப் பாருங்க, கிராமத்துச் சொல்லு, வட்டாரச் சொல்லு எல்லாம் அதுல இருக்கு, புது அகராதி இந்த வேலைக்கு உதவாது. ஆக போர்த்னிக்னா உயரமான மரத்துல ஏறிப் பொந்துலேர்ந்து தேன் எடுக்கிறவன். ஒவ்வொருத்தனும் தன் மரத்துல கோடாரியால ஒரு அடையாளம் வெட்டி வெச்சிருப்பான், அடுத்தவன் அதைத் தொடக்கூடாது. பின்னாடி தேனீயை வீட்டுப் பக்கமே வளர்க்க ஆரம்பிச்சாங்க, 1814ல ப்ரோகோபோவிச்ங்கிறவர் உள்ள மரச்சட்டங்கள் வெச்ச தேன்பெட்டியைக் கண்டுபிடிச்சாரு, மரம் ஏறுற தொழில் சுருங்கிப் போச்சு, இன்னைக்கும் பஷ்கோர்தொஸ்தான்ல புர்ஸியான் பக்கம் அது உயிரோட இருக்கு. தொழில் போனாலும் சர்நேம் நின்னுடுச்சு. ஆனா போர்த்னிக்கின்னு கிராமங்களும் இருக்கு, அதனால ஊர் வழியா வந்த பேரா கூட இருக்கலாம், அந்தக் கதவை மூடிடாதீங்க.

தொழில் சர்நேம்ல ஒரு லாபம் உண்டு, ஒரே தொழிலுக்கு ஏரியாவுக்கு ஏரியா வேற சொல்லு. மர பீப்பாய் செய்யறவனைத் தெற்கு, மேற்குப் பக்கம் போந்தர்னு சொன்னாங்க, நடுப் பகுதியில போச்சார், அதனால போந்தரெவும் போச்சாரோவும் அர்த்தத்துல ஒன்னு, பூகோளத்துல வேற. நிக்கோனோவ்ங்கிற ஆய்வாளர் இப்படியே நாட்டையே வரைஞ்சு பார்த்தாரு, வடமேற்குல இவானோவ், மேல் வோல்கா பக்கம் ஸ்மிர்னோவ், வடக்குல பப்போவ், தென்கிழக்கு நோக்கிப் போனா குஸ்னெத்ஸோவ்னு நாலும் தனித்தனி இடத்துல குவிஞ்சு கிடந்துச்சு.

அபூர்வமாங்கிற கேள்விக்கும் இதுதான் வழி. நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தா அபூர்வமா இருக்கிற சர்நேம் ஒரே ஒரு கிராமத்துல பாதி வீட்டுக்கு இருக்கும், அங்க போய் அபூர்வம்னு சொல்ல முடியுமா? அதனால எத்தனைங்கிறதை விட எங்கங்கிறதைக் கேளுங்க. இதுக்கு நான் நம்புறது ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தோட ரெண்டாம் உலகப் போர் டேட்டாபேஸ்களைத்தான், 2007ல திறந்த மெமோரியல் டேட்டாபேஸ், 2015ல வந்த பாமியத் நரோதா, ரெண்டும் இலவசம். போர்ல இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க 1890லேர்ந்து 1920கள்குள்ள பொறந்தவங்க, பொறந்த கிராமமும் மாவட்டமும் பல ரெக்கார்டுல இருக்கும், அதாவது ஜனங்க கூட்டம் கூட்டமா நகரத்துக்குப் போறதுக்கு முன்னாடி அந்த சர்நேம் எங்க குடியிருந்துச்சுங்கிற படம் உங்க கையில. ஒரு பேப்பர் எடுத்து மாவட்ட வாரியா கோடு போட்டு எண்ணுங்க. ஒரே ஆளுக்கு நாலஞ்சு ரெக்கார்டு இருக்கும், மொத்த எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாம அப்பா பேரு, பொறந்த வருஷம் வெச்சு ஒன்னாக்கிக்கோங்க. அழுத்தம் விழாத "ஓ" பேச்சுல "ஆ" மாதிரி ஒலிக்கும், குமாஸ்தா காதுல விழுந்தபடி எழுதியிருப்பான், அந்த எழுத்துப் பிழையையும் சேர்த்துத் தேடுங்க. எல்லாம் ஒரு ரெண்டு மூணு மாவட்டத்துல வந்து குவிஞ்சா அனேகமா ஒரே மூலம். நாடெங்கும் தெளிச்ச மாதிரி இருந்தா ஒரே பட்டப்பேரு பல ஊர்ல தனித்தனியா முளைச்சிருக்கு, அந்த சர்நேம் இருக்கிற ரெண்டு பேரு சொந்தக்காரங்களா இருக்கணும்னு அவசியமே இல்ல. கண்ட இடத்துல ஒன்னு ரெண்டு மட்டும் வந்தா, 1918 மார்ச்ல சர்நேமை மாத்திக்கிற உரிமை வந்த பிறகு யாரோ மாத்திக்கிட்டதா இருக்குமோன்னும் யோசிங்க.

கிராமம் தெரிஞ்சதும் ஆர்க்கைவ். 1917 புரட்சிக்கு முன்னாடி அது எந்த மாகாணம், எந்த உயெஸ்த் (மாகாணத்துக்குள்ள இருந்த பழைய மாவட்டம்), எந்த சர்ச்சுக்குக் கீழ இருந்துச்சுன்னு முதல்ல பார்த்துக்கோங்க, இன்னைக்கு இருக்கிற மாவட்டப் பேரு அங்க செல்லாது. சர்ச்சோட பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவேடு 1918 வரைக்கும் இருக்கு. அதுல ஒரு பெரிய குழி இருக்கு, நல்லாக் கவனிங்க, 19ம் நூற்றாண்டோட முதல் பாதி வரைக்கும் "இவான் பெத்ரோவ்"னு எழுதியிருந்தா பெத்ரோவ் சர்நேமே இல்ல, பியோத்தரோட பையன் இவான், அவ்வளவுதான். பண்ணையடிமை முறை 1861ல போன பிறகுதான் பெரும்பாலான விவசாயிகளுக்கு சர்நேம் காகிதத்துல ஏறுச்சு, எல்லாருக்கும் கட்டாயம்னு ஜார் அரசோட செனட் சொன்னதே 1888ல. அதுக்கு முன்னாடி போக ரெவிஸ்கியே ஸ்காஸ்கின்னு வரிக்காக எடுத்த வீட்டுக் கணக்கு இருக்கு, 1718ல முதலாம் பீட்டர் ஆணை போட்டு ஆரம்பிச்சது, பத்து தடவை எடுத்தாங்க, கடைசி 1857-58. நீங்க கடைசியிலேர்ந்து பின்னால போங்க, ஏன்னா ஒவ்வொரு ஆணுக்கும் இப்போ என்ன வயசு, போன கணக்குல என்ன வயசுன்னு ரெண்டும் எழுதியிருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டே 1850, 1834, 1816ன்னு படி இறங்கலாம். 1811 கணக்குல பெண்கள் பேரே இருக்காது, ஆண்களை மட்டும்தான் எழுதினாங்க, அம்மா பேரைத் தேடி அங்க நேரத்தை வீணாக்காம நேரா 1795 கணக்கை எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்க.