அரில்யே ராஸ்பெரி: செடி முதல் குளிர்கிடங்கு வரை

மேற்குச் செர்பியாவின் சிற்றூர் அரில்யே ராஸ்பெரியை நம்பி வாழ்கிறது. பெரும்பாலும் வில்லமெட் ரகம்.

நீர் வடியும் சரிவு நிலமாகப் பாருங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அப்புறம் மருந்தடித்துப் பயனில்லை. வரிசைகளுக்கு இடையே 2.5 முதல் 3 மீட்டர் விட்டு, கம்பி இழுத்துத் தண்டுகளைக் கட்டவும்.

இந்த ரகத்தில் ஒருமுறை காய்த்த தண்டு மறுபடி காய்க்காது. அறுவடை முடிந்ததும் தரையோடு வெட்டிவிட்டு, மீட்டருக்கு ஏழெட்டுப் புதுத் தண்டு மட்டும் விடுங்கள். பாவம் பார்த்து எல்லாவற்றையும் விட்டால் காற்றோட்டம் குறைந்து பூஞ்சை பிடிக்கும்.

ஜூன் நடுவில் பறிப்பு தொடங்கும். பழுத்த பழம் தொட்டதும் கழன்று வரும், பழத்தின் உள்ளிருக்கும் காம்புத்தண்டு செடியிலேயே நிற்கும். இழுத்தால் நசுங்கும். ஆழமில்லாத தட்டில் பறித்து அன்றே குளிர்கிடங்கில் சேர்த்துவிடுங்கள். உறைந்தும் முழுசாக நிற்கும் 'ரோலெண்ட்' பழத்துக்குத்தான் விலை, நொறுங்கினால் அது 'கிரிஸ்' எனும் நொறுங்கல் தரம்.